இனிப்பு போய்ச் சேர்ந்த வீடு

ஆனைக்கல்பட்டியில் இனிப்பு இல்லாமல் போன அன்றைக்கு ஊர் முதலில் சந்தேகப்பட்டது டீக்கடை மொக்கைச்சாமியைத்தான். சந்தேகப்படுவதற்கு அவர் தோதான ஆள்; பாலில் தண்ணீரைக் கலக்கிறாரா தண்ணீரில் பாலைக் கலக்கிறாரா என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. சர்க்கரை போட மறந்துட்டீங்களே என்று கிளாஸை நீட்டியவர்களுக்கு அவர் இன்னொரு கரண்டி போட்டார், அதற்கு மேலும் ஒரு கரண்டி போட்டார், கிளாஸின் அடியில் சர்க்கரை கரையாமல் மணலாகத் தங்கியது, டீ மட்டும் வெறும் கஷாயமாகவே இருந்தது. கடைசியில் ரோஷம் வந்து டப்பாவையே தூக்கி வந்து ஆளாளுக்கு உள்ளங்கையில் கொட்டினார். நக்கிப் பார்த்தவர்களின் வாயில் வெள்ளைக் கல் கரைந்ததே தவிர இனிக்கவில்லை. சந்தேகம் அவரை விட்டு ரேஷன் கடைக்குப் போனது, அங்கிருந்து பால்காரர் வீட்டுக்குப் போனது, வெல்லம் கற்கண்டு தேன் வாழைப்பழம் என்று வீட்டுக்கு வீடு எல்லாவற்றையும் நக்கிப் பார்த்த பிறகு, ஊர் எல்லைக்குள் எதிலுமே இனிப்பு இல்லை என்று மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது. ஓடைப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று அதே வெல்லத்தைத் தின்றால் தித்தித்தது. தின்றுகொண்டே திரும்பி நடந்தால் பாதிப் பாலத்திலேயே சப்பென்று ஆகிவிட்டது.

இதற்காக யாரும் ஓவென்று அழவில்லை. ஒரு வாரம் புலம்பினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். மொக்கைச்சாமி டீயில் உப்பும் சுக்கும் போட ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்தவர்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே பாய் விரித்து உட்காரவைத்து, கேசரியை அங்கேயே கொடுத்து, பிறகுதான் அவர்களை ஊருக்குள் கூட்டிவந்து பெண்ணைக் காட்டினார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் லட்டு லட்டாகத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நர்ஸம்மா மறுபடி மறுபடி விரலில் குத்திப் பார்த்துவிட்டு மிஷினைத்தான் சந்தேகப்பட்டார். கோயிலில் பஞ்சாமிர்தம் வாங்க வரிசை இல்லை, பூசாரிக்கு அந்த மட்டும் நிம்மதி.

ஆனால் திராட்சை விஷயத்தில் யாராலும் பழகிக்கொள்ள முடியவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்து ஊர் அது. ஒரு பந்தலில் கவாத்து வெட்டும்போது அடுத்த பந்தலில் அறுப்பு நடக்கும், வருஷம் பூராவும் யாராவது ஒருத்தர் வீட்டில் பழம் இருந்துகொண்டே இருக்கும், அந்தப் பழத்தில்தான் ஊருக்கே சோறு. இப்போது பழம் கறுத்தது, கொத்து திரண்டது, சாறு கட்டியது, இனிப்பு மட்டும் ஏறவில்லை, பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய்த் தின்றாலும் இனிக்கவில்லை. வாங்க வந்த வியாபாரிகள் வழக்கப்படி கொத்தின் அடிநுனிப் பழத்தைக் கிள்ளி வாயில் போட்டார்கள், நுனிப்பழம்தான் கடைசியாகப் பழுக்கும், அது இனித்தால் கொத்தே இனிக்கும். போட்ட வேகத்தில் துப்பிவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் தவசி தன் பந்தலுக்குக் கீழே ஊரைக் கூட்டினார். கூட்டத்தில் யாரும் சாமி குத்தம் என்று சொல்லவில்லை, செய்வினை என்றும் சொல்லவில்லை. கொடி வளர்த்தவர்களுக்கு இனிப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். இலைதான் வெயிலை வைத்துச் சமைக்கும். சமைத்ததைத் தானே வைத்துக்கொள்ளாது. பட்டைக்கு உள்பக்கமாக இறக்கி அனுப்பும். எது வளர்கிறதோ, எதற்குப் பசிக்கிறதோ, அங்கே அது போய்ச் சேரும், வேருக்குப் பசித்தால் வேருக்கு, கொத்துக்குப் பசித்தால் கொத்துக்கு. பிஞ்சு இலை என்றால் அதுவும் பாதி விரிகிறவரைக்கும் உட்கார்ந்து தின்னும், முழுசாக விரிந்த பிறகுதான் அடுத்தவருக்கு ஊட்டும். ஆகவே இனிப்பு அழியாது, இடம்தான் மாறும். ஊரின் இனிப்பு ஊருக்குள்தான் எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

"எங்கயோ ஒரு கொழுந்து இழுக்குது," என்றார் தவசி. "கண்டுபிடிச்சுக் கிள்ளிப்புட்டா பழம் தன்னால இனிச்சிரும்."

கிள்ளுவது என்றால் என்ன என்று யாரோ கேட்டார்கள். எந்த வீடோ அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும், திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதான் என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள், தலையாட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். முதலில் தலையாட்டியது ஒச்சம்மாள். அந்த வீடு அவளுடைய வீடுதான்.

ஒச்சம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறவியிலேயே சந்தேகக்காரி. பூக்காரி முழம் போடும்போது பூவைப் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். யாராவது சும்மா சிரித்தால் எதற்குச் சிரித்தார்கள் என்று இரண்டு நாள் யோசிப்பாள். அவள் புருஷன் வீரணனோ எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷர், நம்பியதை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. ஊரில் வளையம் எடுப்பதில் ஒச்சம்மாளை மிஞ்ச ஆள் இல்லை. காய் பருக்கும் சமயம் பார்த்துக் கொடியின் அடித்தண்டில் சின்ன வளைவுக் கத்தியை வைத்து, உள்ளே இருக்கும் கட்டையில் கீறல் படாமல், பட்டையை மட்டும் மோதிரம்போலச் சுற்றி உரித்து எடுத்துவிடுவாள். இலை சமைத்தது வேருக்கு இறங்க வழியில்லாமல் மேலேயே தங்கும், கொத்து பருத்துத் தித்திக்கும். வளையம் எடுத்தவள்தான் பிறகு வந்து வந்து காயம் மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அவளுடைய கடைசி மகள் போதுமணி. பெண் பிறந்தது போதும் என்று வைத்த பெயர். தேனிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் அவளுக்குக் கரு தங்குவதும் கலைவதுமாகவே இருந்தது, ஒவ்வொரு தடவையும் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் கலைந்தது. கண்ணேறு என்று ஒச்சம்மாள் முடிவு கட்டியிருந்தாள், யாருடைய கண் என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். ஆகவே இந்தத் தடவை கரு தங்கியதும் மகளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு, புருஷன் அடித்ததால் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று கதை கட்டினாள். வீரணனிடமே அதைத்தான் சொன்னாள். அவர் அழுதுகொண்டே பஸ் ஏறிப் போய், எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யாத மருமகனின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்தார்.

போதுமணி வந்த வாரத்தில்தான் ஊரில் இனிப்பு நின்றது. நின்ற அன்றைக்கே ஒச்சம்மாள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் இளநீராக இனித்தது, புளிக்குழம்பு பாயசமாக இனித்தது. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. எல்லார் வீட்டு அடுக்களையையும் விட்டுவிட்டு, சாக்கடை ஓரமாக, சுவர் ஓரமாக, ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் வரிசை வரிசையாகப் புறப்பட்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. தினமும் காலையில் யாரும் எழும் முன்னால் மஞ்சள்தூளைத் தூவிக் கூட்டித் தள்ளுவாள். பக்கத்து வீட்டுக் குருவம்மா ஒருநாள் பார்த்துவிட்டபோது, மழை வரப்போகுது போல, எறும்பு ஏறுது என்று ஒச்சம்மாள் சமாளித்தாள். குருவம்மா அண்ணாந்து பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒச்சம்மாள் அன்று முழுக்க யோசித்தாள்.

போதுமணி தேறிக்கொண்டே வந்தாள். கன்னம் பூரித்தது, வயிறு எழும்பியது, கரு இந்தத் தடவை கெட்டியாகப் பற்றிக்கொண்டது. அவளை வீட்டுக்குள்ளேயே பொத்திவைத்து, கேட்டவர்களிடம் வெட்கத்தில் வெளியே வரமாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவைத்தாள் ஒச்சம்மாள். வீரணனைப் பந்தல் காவலுக்கு என்று தோட்டத்திலேயே படுக்கவைத்து, சோற்றையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டியைத் திறந்தால் வாசம் தெருவுக்குப் போகும் என்று காரத்தை அள்ளிப் போட்டுச் சமைத்தாள், டீக்கடையில் போய் எல்லோரையும்விடச் சத்தமாகச் சப்பென்று இருக்கிறதென்று புலம்பினாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே போதுமணி கேட்டாள், "இது யாரு வீட்டு இனிப்பும்மா?"

"உன் வீட்டுதுதான். தின்னு."

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. குருவம்மாவின் பேரன், பிறந்து மாதம்கூட ஆகாதவன். தாய்ப்பாலிலும் இனிப்பு போய்விட்டது. வாய் வைப்பான், முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்வான், பசியில் கத்துவான், மறுபடி வாய் வைப்பான். சங்கில் ஊற்றிய பவுடர் பாலையும் துப்பினான். பாலத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போய் ஊட்டினால் நாலு வாய் குடித்தான், பச்சைப் பிள்ளையை வேளைக்கு வேளை அங்கே தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான், அழுகை அப்படியே இந்தப் பக்கம் கேட்கும். ஒச்சம்மாள் அந்த நேரம் பார்த்து அம்மியில் மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. என் மகள் வயிற்றில் இருப்பது ஒரு பிள்ளை, அங்கே அழுவது ஒரு பிள்ளை, ஒன்றின் வாயிலிருந்து பிடுங்கி ஒன்றுக்கு ஊட்டுகிறேன் என்று நினைக்கும்போது நெஞ்சு எரிந்தது. எரிந்தாலும் அரைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

தவசி சும்மா இருக்கவில்லை. வியாபாரி கொத்து கொத்தாகக் கிள்ளிப் பார்ப்பதுபோல வீடு வீடாகத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பது என்று சங்கத்தில் தீர்மானமானது. வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீரை வாசலில் வைக்க வேண்டும். தவசியும் மொக்கைச்சாமியும் வருவார்கள். அன்று காலை ஒச்சம்மாள் காலிச் செம்போடு குருவம்மா வீட்டு வாசலில் போய் நின்று, குடத்துல பல்லி விழுந்துருச்சு, ஒரு செம்பு தண்ணி குடு என்றாள். குருவம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், ஊற்றிக் கொடுத்தாள். தவசி குடித்துப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்தவர், வாசற்படியைக் குனிந்து பார்த்து, இங்கதான் எறும்பு சாஸ்தியா இருக்கு என்றார். மாவு கொட்டிருச்சு என்றாள் ஒச்சம்மாள். சரி, அறுப்பு முடியட்டும், மறுபடி ஒரு சுத்து வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மொக்கைச்சாமி தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஒச்சம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிள்ளை பிறக்க இன்னும் காலம் இருந்தது. வந்த இனிப்பு போதும், அது போகாமல் இருந்தால் சரி, எறும்பு வராமல் இருந்தால் சரி என்று யோசித்தவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். மறுநாள் ஊர் பூராவும் பந்தலுக்குப் போயிருந்த உச்சிவெயிலில் வளையக் கத்தியை எடுத்தாள். வீட்டைச் சுற்றி மண்ணை மோதிரம்போலச் செதுக்கிக்கொண்டே வந்தாள், சிமெண்டுப் படியில் கத்தியை வைத்துச் சுரண்டினாள், குருவம்மா வீட்டோடு ஒட்டிய சுவரில் காரையைக் கீழிருந்து மேல்வரை உரித்து எடுத்தாள், புறப்பட்ட இடத்துக்கே வந்து வளையத்தை முடித்தாள். எறும்புகள் அதன் விளிம்புவரை வந்து, மீசையை ஆட்டி, திரும்பிப் போய்விட்டன. மழைத்தண்ணீர் வராமல் இருக்க என்று வீரணனிடம் சொன்னாள். அவர் நம்பி, மண்வெட்டியை எடுத்து வந்து ஓரிடத்தில் இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தினார்.

வளையத்துக்கு உள்ளே இனிப்பு தங்கியது, தங்கித் தடித்தது. உப்பு இனித்தது, எலுமிச்சை இனித்தது, நெற்றி வேர்வை உதட்டில் வழிந்தால் அதுவும் இனித்தது. வெளியே ஊர் சப்பென்று இருந்த நிலையும் போய்க் கசக்க ஆரம்பித்தது, சோறும் தண்ணீரும் கசந்தன, பந்தலில் கொத்து வதங்கியது. உள்ளே மட்டும் நன்றாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. போதுமணிக்குக் கை கால் வீங்கியது, ஒரு வாய் காரம் கிடைக்காதா என்று தவித்தாள், தின்றதெல்லாம் குமட்டியது. தெருவெல்லாம் வருகிற குழாய்த் தண்ணீர் இவர்கள் வீட்டுக் குழாயில் மட்டும் நூலாகச் சுருங்கி, பிறகு சொட்டி, பிறகு நின்றேவிட்டது. வெளியிலிருந்து தூக்கி வந்தால் வளையத்தைத் தாண்டும்போது குடம் பாதியாகிவிட்டது. குழாயில்தான் கோளாறு, குடம்தான் ஓட்டை என்று ஒச்சம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன்னை மட்டும் அவள் சந்தேகப்படவே இல்லை.

ஒரு காலையில் போதுமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, புள்ள அசையலம்மா."

ஒச்சம்மாள் மகளின் வயிற்றில் கையை வைத்தாள். ஒன்றுமே இல்லை. காதை வைத்தாள். அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. குருவம்மாவின் பேரன் அழவில்லை, அழ வலு இல்லாமல் கிடக்கிறான் போல. இரண்டு பக்கமும் ஒரே அமைதியாக இருந்தது. மூடாத வளையம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்: மேலே கொத்து கொழுக்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும், பட்டினி கிடந்த வேர் தண்ணீரை மேலே ஏற்றாது, கடைசியில் கொழுத்ததும் சேர்ந்து கருகும். வாழ்நாள் பூராவும் கொடிக்குச் சொன்னவள், தன் வீட்டுக்கு ஊர்தான் வேர் என்பதை யோசிக்கவே இல்லை.

களிமண்ணையும் சாணியையும் பிசைந்து, கொடியில் மூடாத காயத்துக்கு அப்புவதுபோல வளையத்தில் அப்ப ஆரம்பித்தாள். பட்டப்பகல், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து அப்பினாள். கண்ணீர் உதட்டில் இறங்கி இனித்தது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சுவர் மூலைக்கு வந்தபோது எதிரே இரண்டு கால்கள் நின்றன. குருவம்மா.

"எறும்பு போற பாதைய நான் அன்னைக்கே பாத்துட்டேன் மதினி," என்றாள் குருவம்மா. "எங்க வீட்டுத் தண்ணிய நீ வாசல்ல வச்சதயும் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் தவசிகிட்டச் சொல்லல?"

"சொன்னா உம்மகள அனுப்பிப்புடுவாங்க. சொல்லலேன்னா எம்பேரன் கத்துறான். தினமும் காலையில இன்னைக்குச் சொல்லிருவோம்னுதான் எந்திரிப்பேன்."

"புள்ளத்தாச்சின்னு நான் வாயத் தொறந்திருந்தா குடுத்திருப்பீகளா?"

குருவம்மா யோசித்தாள். "தெரியல. நீ கேட்டுப் பாத்திருக்கலாம்."

குருவம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தன் பக்கத்துச் சுவரில் உரிந்திருந்த காரையில் அப்பினாள். வளையம் மூடியதும் குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. உள்ளே போதுமணி அம்மா என்று கூப்பிட்டாள், பயந்த குரல் இல்லை அது. அவள் வயிற்றில் பிள்ளை உதைத்த அதே சமயம் அந்த வீட்டில் குருவம்மாவின் பேரன் வீறிட்டு அழுதான். ஒச்சம்மாள் மண் கையோடு தரையில் உட்கார்ந்து அந்த அழுகையைக் கடைசிவரை கேட்டாள்.

அதன் பிறகு ஊருக்கு இனிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. போதுமணியின் வயிறு முற்ற முற்ற, விரிந்த இலைபோல அந்த வீட்டிலிருந்து இனிப்பு வெளியே வருவது கூடியது, உள்ளே போவது குறைந்தது. எறும்புகள் பழைய அடுக்களைகளுக்கே திரும்பின. டீ அரை இனிப்பு இனித்தது, வியாபாரிகள் நுனிப்பழத்தைக் கிள்ளி, துப்பாமல் விழுங்கினார்கள், லாரி வந்தது. இனிப்பு திரும்பியதே தவிர சந்தேகம் போகவில்லை. டீக்கடையில் இப்போதும் கிளாஸைப் பக்கத்தில் இருப்பவர் கிளாஸோடு மாற்றிக் குடித்துப் பார்த்தார்கள்.

போதுமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டும் முன்னால் ஒச்சம்மாள் அதன் நெற்றியில் உதட்டை வைத்தாள். பன்னீர் திராட்சையாக இனித்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி உதட்டை வைத்துப் பார்த்தாள், இனிப்பு அப்படியேதான் இருந்தது. பிள்ளை பிறந்த செய்தியை வீரணன் அன்றே ஊர் பூராவும் சொல்லி முடித்திருந்தார், ஊரும் விரல் விட்டு எண்ணி முடித்திருந்தது: போதுமணி வந்ததும் இனிப்பு நின்றதும் ஒரே வாரம். மறுநாள் தவசி பின்னால் ஒரு கூட்டமே சோப்பும் பவுடரும் வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்க வந்தது. யார் கண்ணும் பவுடரில் இல்லை. பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டால் எல்லார் மனசும் ஆறிவிடும் என்றார் தவசி. நான் கொடுத்தால் நன்றாக இருக்காது, நஷ்டப்பட்டது குருவம்மா வீட்டுப் பிள்ளை, அவளே கொடுக்கட்டும், அவளுக்குப் பொய் சொல்ல முகாந்திரம் இல்லை என்றும் சொன்னார்.

கூட்டம் வழிவிட்டது. குருவம்மா பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினாள். போதுமணி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஒச்சம்மாளுக்குக் கதவு தெரிந்தது, தெரு தெரிந்தது, பாலம் தெரிந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்தில் நடப்பதும் தெரிந்தது. குருவம்மா குனிந்து அந்த நெற்றியில் உதட்டை அழுத்தினாள், அழுத்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள், நிமிர்ந்தாள்.

"உப்பு," என்றாள். "வேர்த்த புள்ள எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கு."

தவசிக்கு அது ஏமாற்றமா நிம்மதியா என்று அவருக்கே புரியவில்லை. அப்ப மலையிலதான் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. குருவம்மாவும் வாயைத் திறக்காமல், யார் கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அவசரமாக எழுந்து போனாள்.

ஒச்சம்மாளுக்கு ஆறுதலாக இருந்தது, ஆனாலும் பழைய புத்தி விடவில்லை. இவள் எதற்குப் பொய் சொன்னாள், நாளைக்கு என்ன கேட்பாள், ஏன் இப்படி வாயை இறுக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று கொல்லைப்பக்கம் போய், முக்காலி போட்டு ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். குருவம்மா உதட்டைத் துடைக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, மருமகள் எதையோ கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போய், இன்னும் தேறாமல் எலும்பாகவே கிடந்த பேரனைத் தூக்கி, அவன் வாயில் தன் உதட்டை வைத்து முத்தம் கொடுத்தாள். பையன் கண்ணை விரித்தான், நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டினான், இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

ஒச்சம்மாள் முக்காலியில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"குருவு, நாளைக்கும் வா."